கெந்தத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை: சோம்பலா, நோயா, பழக்கக் குறைவா?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிற கேள்வி இது. மகனுக்கு நான்கு வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. முன்பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பழக்கும்போது மற்றப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு போக, இவன் மட்டும் இரண்டு காலையும் சேர்த்துப் பாய்கிறான். பந்தை எறிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஓடும்போது மற்றவர்களைவிட அதிகமாக விழுகிறான். ஆசிரியை "பிள்ளை கொஞ்சம் சோம்பல்" என்கிறார். அம்மம்மா "தகப்பனும் சின்னனில இப்படித்தான், வயது வந்தால் எல்லாம் சரியாகும்" என்கிறார். அயல்வீட்டார் வைத்தியரிடம் காட்டச் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள், சகோதரி. ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன: இது நோயின் அடையாளமா, தானாகச் சரியாகுமா, தானாகச் சரியாகாதென்றால் பழக்கிக் கொடுப்பது யாருடைய வேலை. மூன்றாவதை நீங்கள் நேரே கேட்கவில்லை. "முன்பள்ளியில் எழுத்துத்தான் கூட, விளையாட நேரமில்லை" என்று கடைசியில் எழுதிய வரியில் அது இருக்கிறது. எனக்கு அதுவே மூன்றிலும் முக்கியமானதாகப் படுகிறது.

நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஒரு பிள்ளை நடப்பதையும் நிலத்திலிருந்து எழும்புவதையும் கண்ணால் பாராமல் அவனுக்கு இன்னது இருக்கிறது என்றோ, ஒன்றுமில்லை என்றோ சொல்லுவது தவறு. எந்த நிலையில் வைத்தியரிடம் போகவேண்டும், எந்த நிலையில் வளவில் இறங்கிப் பிள்ளையோடு விளையாடினால் போதும் என்று பிரித்துப் பார்ப்பதற்கு மட்டுமே இந்தப் பதில் உதவும்.

முதலில் வயதைப் பார்ப்போம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் படிகளில், பெரிய பந்தை அநேக வேளைகளில் ஏந்திப் பிடிப்பது 4 வயதுக்கும் ஒற்றைக் காலில் கெந்துவது 5 வயதுக்கும் நேரே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வயதுக்கு நேரே எழுதப்பட்டிருப்பது, அந்த வயதில் நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது செய்யக்கூடிய செயலாகும். ஆகவே நான்கே கால் வயதில் கெந்தத் தெரியாதது, அது ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், பிந்திய வளர்ச்சி ஆகாது. பந்தைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்புவது கொஞ்சம் கவனிக்க வேண்டியது; அதற்குப் பின்னர் வருகிறேன். பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நடையையே பாருங்கள். இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, பிள்ளை தனியே நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீளுகிறது. ஒரு வயதில் நடக்கவில்லை என்று பதறுகிற வீடுகளில் நான் சொல்லுவது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் வயதைச் சொல்லித் தள்ளிவிடக் கூடாத அடையாளங்கள் சில உண்டு. அவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விடுவது, உதாரணமாகப் போன வருடம் படியேறிய பிள்ளை இப்போது ஏறத் தயங்குவது, முதலாவது. உடம்பின் ஒரு பக்கத்துக் கையையும் காலையும் மட்டுமே பாவித்து மற்றப் பக்கத்தைத் தவிர்ப்பது, எப்போதும் முன்பாதத்தில் மட்டும் நடப்பது, கெண்டைக்கால் தசை வழக்கத்துக்கு மாறாகத் தடித்து இறுகியிருப்பது, இந்த வயதிலும் இரண்டு காலையும் நிலத்திலிருந்து எடுத்துப் பாய முடியாமல் இருப்பது, பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காமல் இருந்திருப்பது ஆகியனவும் அப்படியே. இன்றைக்கே வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். சுவரும் கதிரையும் எட்டாத இடத்தில் பாயை விரித்து, மகனை அதன் நடுவில் இருத்தி, கெதியாக எழும்பி ஓடிவரச் சொல்லுங்கள். அவன் எழும்புகிற விதத்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஐந்து வயதில் கூட்டிவரப்பட்ட ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வருடமாக எல்லோரும் அவனைச் சோம்பேறி என்றே சொல்லியிருந்தார்கள். பாயிலிருந்து எழும்பச் சொன்னேன். முதலில் குப்புறத் திரும்பினான்; கையையும் காலையும் ஊன்றிப் பின்பக்கத்தை உயர்த்தினான்; ஒரு கையை முழங்காலில் வைத்தான், மற்றக் கையைத் தொடையில் வைத்தான்; தன் உடம்பிலேயே தான் ஏறுகிறவன் போல ஒவ்வொரு பிடியாக மேலே வந்து நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் சரியாகச் செய்துவிட்ட சந்தோசத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். இடுப்பும் தொடையும் பலமிழந்த பிள்ளைகள் இப்படி எழும்புவதை 19ஆம் நூற்றாண்டில் விவரித்த ஆங்கில நரம்பியல் வைத்தியர் வில்லியம் கோவர்ஸின் பெயரால் இதைக் கோவர்ஸ் அடையாளம் என்பார்கள். டுஷேன் தசைநலிவு என்ற பரம்பரை நோயில் இது காணப்படும். ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரைப் பாதிக்கும் நோய் அது. அரிதுதான். ஆனால் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியை அளக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை ஒன்றே சந்தேகத்தைப் பெருமளவுக்குத் தீர்க்கும்போது, இரண்டு வருடத்தைச் "சோம்பல்" என்ற சொல்லில் கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மகன் கையைத் தொடையில் ஊன்றாமல் நேரே துள்ளி எழும்புகிறான் என்றால், மேலே சொன்ன மற்ற அடையாளங்களும் இல்லை என்றால், இந்தப் பயத்தை நீங்கள் இறக்கி வைக்கலாம். ஒன்றேனும் இருந்தால், பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், குழந்தைநல வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

பந்து வரும்போது முகத்தைத் திருப்புகிற பிள்ளைக்கும் அடிக்கடி தடுக்கி விழுகிற பிள்ளைக்கும் கண்ணையும் ஒருமுறை காட்டுவது நல்லது. படத்தை மூக்கருகே பிடித்துப் பார்க்கிறானா, ரீவிக்குக் கிட்டப் போய் இருக்கிறானா, ஒரு கண்ணைச் சுருக்குகிறானா என்று கவனியுங்கள். தசையும் கண்ணும் சரியாக இருந்தும், பழக்கிக் கொடுத்த பின்னரும், உடம்பை ஒருங்கிணைத்து இயக்க மிகவும் கஷ்டப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைவுக் குறைபாடு என்று சொல்லப்படும் இந்த நிலை நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பிள்ளைகளில் காணப்படுகிறது. ஆயினும் 5 வயதுக்கு முன்னர் இதை உறுதிப்படுத்துவது வழக்கமில்லை. சின்னப் பிள்ளையின் திறன் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே இப்போதே ஒரு பெயரைக் கேட்டு வைத்தியசாலைகளுக்கு அலையத் தேவையில்லை. அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகூட மற்றவர்களைவிடக் கூடுதலாக முயன்றுதான் ஒவ்வொரு அசைவையும் செய்கிறது. முன்பள்ளி வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுவதை நான் எந்த இடத்திலும் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

அம்மம்மாவின் பேச்சுக்கு வருவோம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு காலத்தில் ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள். 1929இல் ஆர்னல்ட் கெசெல், ஹெலன் தொம்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு வயதுகூட நிரம்பாத இரட்டைப் பெண் பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் ஆறு வாரம் தினமும் படியேறப் பழக்கினார்கள். மற்றவளுக்குப் பிந்தி இரண்டு வாரப் பயிற்சியே கிடைத்தது; ஆனால் அவள் விரைவிலேயே முதலாமவளை எட்டிவிட்டாள். உடம்பு முதிர்ந்தால் திறன் வரும், முந்திப் பழக்கிப் பிரயோசனமில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தவழ்வது, நடப்பது, படியேறுவது போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கெந்துவது, எறிவது, ஏந்திப் பிடிப்பது, உதைப்பது, பாய்வது ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தாது. அவற்றின் கரடுமுரடான வடிவம் வயதோடு வரும். சீரான வடிவம் வருவதற்கு ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும், பிள்ளை பல தடவை செய்து பார்க்க வேண்டும். பல நாடுகளின் முன்பள்ளிகளில் செய்த ஆய்வுகள் இந்த ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன: கிழமையில் சில நாட்கள் ஒழுங்காகப் பழக்கப்பட்ட பிள்ளைகள், சும்மா விளையாட விடப்பட்ட பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறுகிறார்கள். ஆகவே வெளியில் விட்டால் போதும் என்பதும் முழுச் சரியில்லை. அகரம் பழக்குவது போலக் கெந்தவும் எறியவும் பழக்க வேண்டும்.

எறிவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்தால் அது உங்களை நேரே பார்த்து நின்று, கால் இரண்டும் நிலத்தில் ஒட்டியிருக்க, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டி எறியும். அடுத்த கட்டத்தில் எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்னே வைக்கும். தேர்ந்த எறிதலில் வலக்கையால் எறிகிற பிள்ளை இடக்காலை முன்வைத்து, இடுப்பையும் தோளையும் திருப்பி, பிறகே கையை விடும். இந்தக் கால் மாற்றத்தைச் சொல்லித்தராத பிள்ளைகளில் பலர் அது இல்லாமலே வளர்ந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளில் இதைக் கூடக் காண்கிறேன். பந்து சம்பந்தப்பட்ட திறன்களில் ஆண் பிள்ளைகள் முன்னிற்பதாகவே ஆய்வுகளும் பெரும்பாலும் சொல்லுகின்றன. காரணம் உடம்பிலா, கிடைக்கும் வாய்ப்பிலா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. நான்கு வயதிலேயே "பொம்பிளைப் பிள்ளை, அடக்கமாய் இரு" என்று தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒரே மாதிரிச் சொல்லக் கேட்டிருக்கிற எனக்கு, வாய்ப்புக்கே பெரும் பங்கு உண்டு என்று தோன்றுகிறது.

பிடிப்பதில் முகத்தைத் திருப்புவது தொடக்க நிலையின் இயல்பு. பந்து முகத்தில் படும் என்ற பயம் அது. பயத்தை எடுத்தால் கை முன்னே வரும். பழைய சாறனையோ காலுறையையோ சுருட்டிக் கட்டிய மெத்தென்ற பந்தை எடுத்து, முதலில் இருவரும் கால்களை விரித்து நிலத்தில் இருந்து உருட்டுங்கள். பிறகு ஒருமுறை நிலத்தில் குத்தி எழும்பிவரும் பெரிய ரப்பர் பந்து. பிறகு இரண்டடி தூரத்திலிருந்து கீழ்க்கையால் மெதுவாக எறிவது. பலூன் மெதுவாக இறங்குவதால் நல்ல தொடக்கம்தான், ஆனால் வெடித்த துண்டு பிள்ளையின் தொண்டையில் அடைத்தால் உயிராபத்து. வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். "பிடி, பிடி" என்று கத்துவதைவிட "பந்தைப் பார், இரண்டு கையையும் கோப்பை மாதிரி வை" என்று சொல்லுவது வேலை செய்யும்.

கெந்துவதற்கு முதலில் ஒற்றைக் காலில் நிற்கத் தெரிய வேண்டும். மூன்று நான்கு வினாடியாவது நிற்க வராத பிள்ளையைக் கெந்தச் சொல்லிப் பயனில்லை. காற்சட்டை போடும்போது கதிரையில் இருத்தாமல், உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லுங்கள். தினமும் கிடைக்கிற பயிற்சி அது. நிற்க வந்ததும் எதிரெதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து ஒரே ஒரு கெந்தல். பிறகு ஒரு கை மட்டும். பிறகு துவாய் ஒன்றின் ஒரு நுனியை அவனும் மறு நுனியை நீங்களும் பிடித்துக்கொள்வது. அதில் தாங்கல் குறைவு, தைரியம் மட்டும் இருக்கும். தொடக்கத்தில் பிள்ளைகள் தூக்கிய காலை முன்னால் விறைப்பாகப் பிடிப்பார்கள். "அந்தக் காலைப் பின்னால ஒளிச்சுவை" என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். இடத்தையும் பாருங்கள். காய்ந்த கடல் மணல் விழுவதற்கு நல்லது, கெந்துவதற்குக் கஷ்டம், கால் புதையும். அலை நனைத்து இறுகிய மணலோ, பெருக்கிய வளவு முற்றமோ பொருத்தம். கடற்கரையில் என்றால் பெரியவர் ஒருவர் கடலுக்கும் பிள்ளைக்கும் இடையில் நிற்க வேண்டும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு பிள்ளையைக் கடற்கரைக்கு விட மனம் வராத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களை வற்புறுத்தமாட்டேன், வளவு போதும். பத்து நிமிடம் பழக்கினால் போதுமானது. அவன் களைத்து அழுவதற்கு முன்னர் நிறுத்திவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆட்டம் ஓட்டம் தேவை என்றும் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குப் பல வகையான அசைவுகளோடு மொத்தம் 180 நிமிடம், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு என்று இருக்கிறது. ஒரே இருப்பில் நெடுநேரம் இருத்தி வைக்கக் கூடாது, இருந்தபடி திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, நித்திரை 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. 180 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை, நாள் முழுவதும் சிதறிக் கிடக்கலாம். தண்ணீர் வாளி தூக்குவது, கோழியை விரட்டுவது, சைக்கிள் டயர் உருட்டுவது, கடைக்கு உங்களோடு நடந்து வருவது எல்லாம் சேரும். மோட்டார் சைக்கிளின் முன்னால் ஏற்றி முன்பள்ளி வாசலில் இறக்கி, மத்தியானம் அப்படியே ஏற்றிவந்து, சாப்பாடு தீத்துவதற்குக் கைத்தொலைபேசியைக் கையில் கொடுக்கும் நாளில் அவை எல்லாம் இல்லாமற் போகின்றன. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒன்பது மணிக்கு முன்னும் நாலரைக்குப் பின்னும் வெளியே விடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் விறாந்தையே போதும்: தலையணைகளை வரிசையாக வைத்துத் தாண்டுவது, கதிரைக்கு அடியால் ஊர்வது, சுருட்டிய பாயின் மேல் நடப்பது.

முன்பள்ளி பற்றி மனதில் உள்ளதைச் சொல்லுகிறேன். மூன்று மணித்தியாலம் நடக்கும் முன்பள்ளியில் இரண்டு மணித்தியாலம் கொப்பியும் பென்சிலும் என்றால், அது நான்கு வயதுக்கு உரிய நேரசூசி அல்ல. ஆசிரியைகளை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. சிறிய கொடுப்பனவுக்கு வேலை செய்யும் அவர்களிடம் "பிள்ளை என்ன எழுதினது" என்று கேட்கிறவர்கள் பெற்றோர்களே. தரம் ஒன்றுக்குப் போகுமுன் எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்படுகிறோம். 1990களின் இறுதியில் இலங்கையில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமோ, தரம் 1, 2 அடங்கிய முதலாம் முதன்மைநிலையிலேயே வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு முதலிடமும் மேசை வேலைக்குக் கடைசி இடமும் கொடுத்தது. தரம் ஒன்றுக்கே அப்படி என்றால் அதற்கு முந்திய வயதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று: காலையில் இருபது நிமிடம், விழாவுக்காக வரிசைப்படுத்தி நிறுத்துவதாக இல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அசையும்படி, ஒரு கிழமைக்கு ஒரு திறன். ஆளுக்கொரு பந்து வேண்டும். ஒரு பந்துக்கு இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றால் அது காத்திருக்கும் பயிற்சியாகவே முடியும். சுருட்டிய துணிப்பந்துகளைத் தாய்மார் தைத்துக்கொடுத்தால் செலவே இல்லை.

இந்த விடயத்தில் உறுதியில்லாதவற்றையும் உறுதி போலச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடியாடினால் மூளை வளரும், கணக்கில் கெட்டிக்காரன் ஆவான் என்பார்கள். முன்பள்ளி வயதில் இதற்குள்ள சான்று சிறியது, ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. திறன் கூடினால் பிள்ளை தானாகவே அதிகம் ஓடியாடும் என்பதும் இந்த வயதில் பாதி உண்மையே. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மெல்லியது. எது எதற்குக் காரணம் என்பது தீரவில்லை. பிள்ளை வளர வளர அந்தத் தொடர்பு இறுகும், விளையாட வராத பிள்ளை விளையாட்டை விட்டே ஒதுங்கும் என்று 2008இல் டேவிட் ஸ்டொடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். பெரிய வகுப்புகளில் "ஏலாது, எனக்கு விளையாட வராது" என்று மரத்தடியில் இருந்துவிடும் பிள்ளைகளைக் காணும்போது அந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. தட்டைப் பாதம்தான் காரணம் என்று உங்கள் அயலவர் சொன்னதை விட்டுவிடுங்கள்; இந்த வயதில் பல பிள்ளைகளின் பாதம் தட்டையாகவே இருக்கும், வலி இல்லாவிட்டால் விசேட சப்பாத்து தேவையில்லை.

பத்து மாத மகளுக்கு, பிள்ளையை உள்ளே விட்டுத் தள்ளி நடக்கவைக்கும் சில்லு வைத்த வோக்கர் வாங்கலாமா என்று சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது நடையை முந்தச் செய்வதில்லை. படியில் உருண்டும் அடுப்படியை எட்டியும் பிள்ளைகள் காயப்பட்டதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பாயில் விட்டால் அவள் கதிரையைப் பிடித்து எழும்புவாள்.

மகனுக்கு மூன்று மாதம் கொடுங்கள். இன்றைக்கு எத்தனை வினாடி ஒற்றைக் காலில் நிற்கிறான், பத்துத் தடவை எறிந்தால் எத்தனை பந்து பிடிக்கிறான் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, வலக்காலையும் இடக்காலையும் வேறுவேறாகக் குறித்து, மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே பந்தோடு பாருங்கள். அவன் ஓடுவதையும் பாயிலிருந்து எழும்புவதையும் தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். எண்கள் அசையாமலே நின்றாலோ, ஒரு காலின் எண் மட்டும் தொடர்ந்து பின்னின்றாலோ, அந்தக் கொப்பியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பிள்ளை புது இடத்தில் வெட்கப்பட்டு ஒன்றும் செய்யாமல் உங்கள் மடியில் ஒட்டிக்கொண்டாலும், அவர் பார்க்க வேண்டியது உங்கள் கையில் இருக்கும்.